நெட்டைக்காலிக்கு நிழல் வேண்டாம்

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. உனக்கு நிழல் வரப்போகிறது!

போன கடிதத்தில் எழுதியிருந்தாய் அல்லவா, "இந்த மலை உச்சியில் பேருக்குக்கூட ஒரு மரம் இல்லை, வெயில் அடித்தால் என் நிழலில் நானே நிற்க வேண்டியிருக்கிறது" என்று? அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பள்ளியில் கட்டுரைப் போட்டி அறிவித்தார்கள். 'மொட்டை மலைக்கு ஒரு குடை' என்று தலைப்புப் போட்டு ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தேன். முதல் பரிசு எனக்குத்தான். ஆச்சரியம் அதுவல்ல. தலைமையாசிரியை கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, "எழுதினா போதுமா, செஞ்சு காட்ட வேண்டாமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். ஏப்ரல் மூன்றாம் சனிக்கிழமை எங்கள் வகுப்பு முழுவதும் ஒரு லாரி நிறைய மரக்கன்றுகளோடு உன் வானிலை நிலையத்துக்கு வருகிறது. உங்கள் தலைமை அலுவலகத்துக்கு அவரே எழுதிக் கேட்டாராம். வளாகப் பொறுப்பு உன்னுடையது, நீ சம்மதித்தால் அவர்களுக்கும் சம்மதம் என்று பதில் வந்துவிட்டது.

கணக்கு டீச்சர் மட்டும், "கடப்பாரை தூக்கத் தெரியுமாடி உனக்கு? பேனா மாதிரி இருக்காது" என்றார். தெரியாது. கற்றுக்கொள்வேன்.

அம்மாவிடம் சொன்னேன். "வேலை கிடைச்சதும் குதிச்சுக்கிட்டுப் போனா. இப்ப கடிதாசிக்குக் கடிதாசி மூக்கைச் சிந்துறா. நிழலாவது கிடைக்கட்டும்" என்றாள். சொல்லிவிட்டு உன் பழைய கம்பளிச் சட்டையை எடுத்துப் பொத்தான் தைக்க உட்கார்ந்தாள்.

போனில் சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பதிலும் ஒரு நன்மை, அக்கா. நான் பேசும்போது நீ குறுக்கே பேச முடியாது.

உன் தங்கை

*

மார்ச் 9

அன்புள்ள புத்தகப் புழுவுக்கு,

ஜீப்காரர் கடிதத்தைக் கொடுத்ததும் வாசலிலேயே நின்று படித்தேன். "என்னம்மா, கல்யாணச் சேதியா?" என்று கேட்டார். முகம் அப்படி இருந்ததாம். "அதைவிட நல்ல சேதிண்ணே, ஆளுங்க வர்றாங்க" என்றேன்.

வாருங்கள். எல்லோரும் வாருங்கள். எத்தனை பேர் என்று சரியாக எழுது. பெரிய டீக் கெட்டில் ஒன்றைக் கடன் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். டம்ளர்தான் போதாது, கையோடு ஆளுக்கு ஒன்று கொண்டுவரச் சொல்.

இங்கே என் நாள் எப்படிப் போகிறது தெரியுமா? அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒழுங்காகச் சாத்தாத ஒரு ஜன்னல். தகரக் கூரை பறந்துபோகாமல் இருக்கக் கம்பி போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறது. காற்று அந்தக் கம்பியைப் பிடித்து விடிய விடிய வீணை வாசிக்கும், அதுவும் ஒரே ராகம். வெளியே மழைமானி, வெப்பமானிப் பெட்டி, கம்பத்தின் மேல் காற்றின் வேகம் பார்க்கிற கிண்ணச் சக்கரம். அதற்கப்பால் கண்ணுக்கு எட்டிய மட்டும் புல். புல்லைத் தவிர இன்னும் புல். என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் உண்டு, சீனியர். ஓய்வு பெறப்போகிறவர், வளாகப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். அவர் வாயிலிருந்து எண்கள் மட்டும்தான் வரும். "பதினொன்று புள்ளி நாலு" என்பார். அதுதான் எனக்குக் காலை வணக்கம்.

இன்னொருவர் இருக்கிறார். அவரை ஆபீசர் என்று அழைக்கிறேன். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் நீளம், பழுப்பு உடம்பு, முதுகெல்லாம் கோடு. தினமும் மழைமானிப் பக்கம் வந்துவிடுவார். தத்தித் தத்திப் போகமாட்டார், கால் மாற்றி மாற்றி நடப்பார். ஒவ்வொரு புல் தூரின் அடியிலும் குனிந்து பார்ப்பார், வாலை ஆட்டிக்கொண்டு அடுத்ததற்குப் போவார். யார் எங்கே தூசி தட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வந்த மேலதிகாரி மாதிரியே இருக்கும். எனக்கு இங்கே பொழுதுபோக்கு அது ஒன்றுதான்.

மரங்கள் வந்தால் இன்னும் நாலு வகைப் பறவை வரும் அல்லவா? சீக்கிரம் வாருங்கள்.

அக்கா

*

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஆபீசருக்குப் பேர் கண்டுபிடித்துவிட்டேன். நெட்டைக்காலி! நெட்டைக்காலியில் பல வகை உண்டு. உன்னுடையது உயர்ந்த மலைப் புல்வெளிகளில் மட்டுமே வாழும் வகை என்று நினைக்கிறேன். 'நினைக்கிறேன்' என்று எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆகையால் நீ எனக்கு உதவ வேண்டும்.

நூலகத்தில் பறவைப் புத்தகங்களை எல்லாம் மேசையில் பரப்பிவிட்டேன். நூலகர் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். "போன வாரம் மரம் மரம்னு அலமாரியையே கவுத்துப் போட்ட. இந்த வாரம் குருவியா? அடுத்த வாரம் யானைன்னா முன்னாடியே சொல்லிடு, கதவைப் பெரிசு பண்ணணும்" என்றார். ஆனால் மேல் தட்டிலிருந்த பெரிய புத்தகத்தை அவர்தான் ஏணி வைத்து எடுத்துக் கொடுத்தார்.

ஆபீசரை நன்றாகப் பார்த்து எழுது. பயந்தால் எங்கே போகிறது? மேலே பறக்கிறதா, புல்லுக்குள்ளேயே ஓடி ஒளிகிறதா? பாடுமா? கூடு கட்டியிருந்தால் எங்கே? நிலையத்துக்குக் கிழக்கே, சரிவுக்குக் கீழே பழைய பைன் தோப்பு ஒன்று இருப்பதாக ஒருமுறை எழுதியிருந்தாய். அங்கேயும் இந்தக் குருவி உண்டா? கட்டாயம் போய்ப் பார். சும்மா "தெரியலடி" என்று எழுதாதே.

லாரி உறுதியாகிவிட்டது. வகுப்பில் இப்போது எல்லோரும் என்னை 'குடை' என்று கூப்பிடுகிறார்கள்.

உன் தங்கை

*

மார்ச் 23

என் அருமை ஆராய்ச்சியாளருக்கு,

அக்காவை வேலை வாங்குவதில் நீ அம்மாவையே மிஞ்சிவிட்டாய். வேறு வேலை இல்லாததால் செய்தேன்.

ஆபீசர் பயந்தால் முதலில் ஓடுவார். தலையைத் தாழ்த்திக்கொண்டு புல்லுக்கிடையில் எலி மாதிரி ஓட்டம். ரொம்பவும் கிட்டே போனால்தான் கொஞ்ச தூரம் பறந்து மறுபடி புல்லிலேயே விழுவார். பாட்டும் உண்டு. விர்ரென்று மேலே ஏறி, சின்னதாக ஒரு பாட்டைக் கொட்டிவிட்டு, கடன் முடிந்தது என்று இறங்கிவிடுவார். சாப்பாடு எல்லாம் தரையில்தான்; வண்டு, வெட்டுக்கிளி, கண்ணுக்குத் தெரியாத என்னென்னவோ. வாயில் காய்ந்த புல்லோடு போவதை நேற்றுப் பார்த்தேன். கூட ஒரு அம்மணியும் இருக்கிறார். எங்கேயோ தரையில்தான் வீடு கட்டுகிறார்கள்.

தோப்புக்கும் போனேன், உனக்காக. யாரோ எந்தக் காலத்திலோ நட்டது. உள்ளே போனதும் காற்று நின்றுவிட்டது. அப்பாடா என்று இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் கீழே ஒரு புல் கிடையாது. ஊசி இலை மெத்தை மாதிரி கிடக்கிறது, மிதித்தால் அமுங்குகிறது. ஆபீசர் குடும்பத்தில் ஒருவரும் அங்கே இல்லை. ஒரு வண்டுகூடக் கண்ணில் படவில்லை. தோப்பிலிருந்து விதை பறந்து, முழங்கால் உயரப் பைன் கன்றுகள் புல்வெளிக்குள் முளைத்து நிலையத்தை நோக்கி வந்துகொண்டிருக்கின்றன. அவை வந்த இடத்திலும் ஆபீசர் நடப்பதில்லை.

போதுமா? குழி தோண்டுகிற இடங்களைச் சுண்ணாம்புத் தூள் போட்டுக் குறித்துவிட்டேன். என் ஜன்னலுக்கு நேரே முதல் வரிசை. சீனியர் பார்த்துவிட்டு, "என்ன, கோலமா?" என்றார். நான் வந்த நாளிலிருந்து அவர் கேட்ட முதல் கேள்வி!

அக்கா

*

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் மலையில் நாம் மரம் நடக்கூடாது.

நீ எழுதியதைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுநாள் அந்தப் பெரிய புத்தகத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். நீ பார்த்ததும் அதில் இருப்பதும் ஒன்றுதான். இந்தக் குருவிக்கு வேண்டியது புல். நடப்பதற்குப் புல், ஒளிவதற்குப் புல், கூட்டுக்குப் புல், இரைக்கும் புல். மரம் வளர்ந்து நிழல் விழுந்தால் புல் போய்விடும், புல் போனால் வண்டு போய்விடும், பிறகு ஆபீசர் எங்கே போவார்? ஏற்கெனவே உச்சியில்தான் இருக்கிறார். அதற்கு மேலே மலை இல்லை. மரமே இல்லாத இடம் என்றால் யாரோ வெட்டிவிட்ட இடம் என்று நினைத்துக்கொண்டு அந்தக் கட்டுரையை எழுதினேன். உங்கள் மலை மொட்டை இல்லை, அக்கா. அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

தலைமையாசிரியையிடம் போனேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மரம் நடாதீங்கன்னு சொல்ற முதல் பிள்ளை நீதாம்மா. பரிசு குடுத்தது நானு. லாரி சொன்னது நானு. இப்ப யார் முகத்துல போய் முழிக்கிறது?"

"தப்பான கட்டுரைக்குப் பரிசு குடுத்துட்டீங்க டீச்சர். எழுதினவளே சொல்றேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அடக்கிக்கொண்டார். "மரம் நடுறது தப்புன்னு நான் எப்படிச் சொல்வேன்? இடம் உங்க அக்கா பொறுப்புல இருக்கு. அவங்க வேண்டாம்னு எழுதட்டும், நிறுத்திடறேன். இல்லேன்னா லாரி கிளம்பும்."

ஆகவே இப்போது எல்லாம் உன் கையில். ஒரே ஒரு வரி போதும். எழுதிவிடு.

உன் தங்கை

*

ஏப்ரல் 6

தங்கைக்கு,

எழுதமாட்டேன்.

ஒரு குருவிக்காக அக்காவை வெயிலில் நிற்க விடுகிறாய். நல்லது. குழி குறித்தாகிவிட்டது. கெட்டில் வந்துவிட்டது. நாலு மாதமாக இந்த மலையேறி ஒருவர் வந்ததில்லை, ஜீப்காரரைத் தவிர. அவரும் இறங்காமலே மூட்டையைத் தள்ளிவிட்டுப் போகிறவர். நிழலைக் கொண்டுவருகிறேன் என்று ஆசை காட்டியது நீ. நான் கேட்கவில்லை. இப்போது புத்தகத்தில் வேறு பக்கத்தைத் திருப்பிவிட்டாய், அதனால் எல்லாம் ரத்து. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்பார்களே, இது குருவிக்கு இரங்கி அக்காவைக் கொளுத்துவது.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், நீ எப்படியும் தேடிக் கண்டுபிடிப்பாய். காற்று பார்க்கிற கருவிக்குப் பக்கத்தில் மரம் இருக்கக்கூடாது. காற்றை மறைத்துவிடும், கணக்குத் தப்பாகும். பயிற்சியில் முதல் வாரப் பாடம். தலைமை அலுவலகத்தில் யாரோ படிக்காமல் தலையாட்டியிருக்கிறார்கள். எனக்குத் தெரியும். கன்று வளர்ந்து கிண்ணச் சக்கரத்தைத் தொடப் பத்து வருஷம் ஆகும். அதற்குள் நான் மாற்றல் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். மாற்றல் மனுவை எழுதியே வைத்திருக்கிறேன்.

லாரி வரட்டும்.

அக்கா

*

ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அம்மா என் கையிலிருந்து பிடுங்கிப் படித்தாள். "ரெண்டு பேரும் ஒரே மாதிரி. முயலுக்கு மூணே கால்" என்றாள்.

நான் கோபப்படவில்லை. கொஞ்சம் அழுதேன். பிறகு உன் எல்லாக் கடிதங்களையும் முதலிலிருந்து படித்தேன்.

பத்து வருஷம் கழித்து வருகிற நிழலில் நீ உட்காரப்போவதில்லை. அதை நீயே எழுதிவிட்டாய். அப்படியானால் அந்த நிழல் யாருக்கு, அக்கா? உனக்கு இல்லை. ஆபீசருக்கு வேண்டாம். உன் கருவிக்கு ஆகாது. ஒருவருக்கும் வேண்டாத நிழலுக்கு ஒரு லாரியா?

ஆனால் நீ எந்தக் கடிதத்திலும் என்ன மரம் என்று கேட்கவே இல்லை. எத்தனை பேர் என்றுதான் கேட்டாய். டம்ளர் கொண்டுவரச் சொன்னாய். எனக்கு அது தாமதமாகத்தான் உறைத்தது. உனக்கு வேண்டியது ஆட்கள். மரம் என்ற சொல்லை நான்தான் உன் வாயில் திணித்துவிட்டேன்.

ஆட்களைக் கொண்டுவருகிறேன். தலைமையாசிரியையிடம் இன்றைக்கும் போனேன். மரக்கன்றுகளுக்கு வேறு இடம் காட்டினேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சாலைக்காக வெட்டிவிட்டார்களே, மழை பெய்தால் சேறாக இறங்குகிற அந்தச் சரிவு. அங்கே மரம் இருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதை அவர் ஏற்றுக்கொண்டார். "அப்ப சனிக்கிழமை மலைக்குப் போய் என்ன செய்யறதாம்? காத்து வாங்கறதா?" என்றார். "தோப்பிலிருந்து புல்லுக்குள்ள வந்துட்டிருக்கிற பைன் கன்னுகளைப் பிடுங்கறது" என்றேன். கணக்கு டீச்சர் பக்கத்தில் இருந்தார். "நட வர்றோம்னு சொல்லிட்டுப் பிடுங்கப் போறோமா? கூட்டலுக்குப் பதிலா கழித்தல். எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார். அவரும் வருகிறார்.

பிடுங்குவதற்கும் உன் சம்மதம் வேண்டுமாம். இந்த முறை நான் கெஞ்சமாட்டேன். நீ வேண்டாம் என்றால் வரமாட்டோம். நடத்தான் வரவேண்டும் என்று நீ எழுதினால், லாரியை நிறுத்த என்னால் முடியாது. நானும் வருவேன், ஆனால் கடப்பாரையைத் தொடமாட்டேன். உன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

உன் தங்கை

*

ஏப்ரல் 13

ஜீப்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே நிற்கிறார்.

பிடுங்க வாருங்கள். கதவு திறந்திருக்கும். டம்ளர் மறக்காதே.

உன்மேல் கோபம் இன்னும் போகவில்லை, அது தனி.

அக்கா

*

ஏப்ரல் 27

அன்புள்ள புழுவுக்கு,

நீங்கள் போன பிறகு இரண்டு நாள் காது அடைத்த மாதிரி இருந்தது. இத்தனை சத்தத்தை இந்த மலை கேட்டிருக்காது. சீனியரே வாய் திறந்துவிட்டார். உன் கணக்கு டீச்சரிடம் காற்றின் வேகத்தை எப்படிக் கணக்கிடுவது என்று விளக்கிக்கொண்டிருந்தாரே, பார்த்தாயா? நான் வந்ததிலிருந்து என்னிடம் பேசியதை எல்லாம் கூட்டினாலும் அதில் பாதி வராது.

உன் தோழிகளில் ஒருத்தி, அந்த இரட்டைப் பின்னல்காரி, போகும்போது உன்னிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "உங்க அக்கா என்னடி, ஒரு கன்னுகூடப் பிடுங்கல. காலையிலேர்ந்து அந்தப் பாறைமேலயே உக்காந்து டீ ஊத்திட்டு இருக்காங்க!" நீயும் என்னைத் திரும்பி ஒரு மாதிரி பார்த்தாய். கோபத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்தாய், இல்லையா?

பாறைக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் தள்ளி, சாய்ந்து கிடக்கிற ஒரு புல் தூருக்கு அடியில் இருக்கிறது ஆபீசர் வீடு. நீங்கள் வருவதற்கு முதல்நாள்தான் கண்டுபிடித்தேன். கிண்ணம் மாதிரி கூடு, உள்ளே புள்ளி வைத்த முட்டைகள். கொடி நட்டுக் காட்டலாமா என்று யோசித்தேன். கொடியைப் பார்த்தால் உங்கள் கூட்டம் சும்மா இருக்குமா? ஆளுக்கு ஒரு முறை எட்டிப் பார்த்தே தீர்த்துவிடுவீர்கள். காக்கையும் பார்த்துவிடும். உன்னிடம் சொல்லலாம் என்று வந்தேன். நீ அப்போது வகுப்பு முழுவதையும் நிற்கவைத்து, எந்தக் கன்றைப் பிடுங்கலாம், எந்தச் செடியைத் தொடக்கூடாது என்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தாய். உனக்குத் தெரிந்தால் உன் முகத்துக்கும் தெரிந்துவிடும், முகத்துக்குத் தெரிந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் பாதையை அடைத்துக்கொண்டு கெட்டிலோடு உட்கார்ந்துவிட்டேன். டீ இருக்கிற இடத்தைத் தாண்டி யார் போவார்கள்? தெரிந்தே எல்லோரையும் இந்தப் பக்கமே நிறுத்தினேன். சோம்பேறி என்ற பட்டத்தையும் வாங்கிக்கொண்டேன்.

நேற்று அம்மணி வாயில் புழுவோடு உள்ளே போனார். (உன் இனம்தான், மன்னித்துக்கொள்.) முட்டைக்குப் புழு தேவையில்லை என்று உனக்குத் தெரியும்.

எனக்கு இந்தப் புல்வெளி பிடித்துவிட்டது என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. பிடிக்கவில்லை. காற்று பிடிக்கவில்லை, ஜன்னல் பிடிக்கவில்லை. ஆபீசருக்குப் பிடித்திருக்கிறது. இரண்டும் உண்மைதான். மாற்றல் மனுவை அனுப்பத்தான் போகிறேன், அம்மாவிடமும் சொல்லிவிடு.

ஆனால் நீங்கள் பிடுங்கியது பாதிச் சரிவுதான். மீதியில் கன்றுகள் இன்னும் நிற்கின்றன, அடுத்த மழைக்கு இன்னும் முளைக்கும். காலைக் கணக்கு எழுதியதும் இன்று நானே இறங்கினேன். வேர் லேசில் வரவில்லை, உள்ளங்கையெல்லாம் கொப்புளம். சீனியர் மேலேயிருந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பழைய மண்வெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து அடுத்த கன்றில் கை வைத்தார்.

முதலில் சரிவு முடியட்டும், மனு பிறகு போகும். ஜீப்காரரிடம் இரண்டு ஜோடி கையுறை கொடுத்தனுப்பு. ஒன்று என் அளவு, ஒன்று பெரியது.

அக்கா